சீர்க்கட்டிலும் ஜப்பான் அறையும்

ஜூன் 9, திங்கள்

படுக்கையறையை ஜப்பான் முறைக்கு மாற்றப் போகிறேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கீழே பாய், அதன்மேல் தரையோடு தரையாக ஒரு மெத்தை. சுவரில் ஒன்றும் இல்லை. ஜன்னலில் மூங்கில் திரை, மூலையில் ஒரே ஒரு செடி. முட்டிக்கொள்ள அந்த அறையில் ஒரு பொருளும் கிடையாது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் கோபிநாத், "என்னங் சார், அப்படி என்னத்தப் பாக்கறீங்க" என்று எட்டிப் பார்த்தான். வெறும் அறை என்று தெரிந்ததும் ஏமாந்து போனான்.

எனக்கு மோட்டார் பம்பு கம்பெனியில் தரச் சோதனை வேலை. ஓடுகிற பம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி வைப்பேன். நின்றால் பம்பு நல்ல பம்பு. விழுந்தால் உள்ளே எங்கேயோ கோளாறு. அந்த அறையில் வைத்தால் நாணயம் நாள் முழுக்க நிற்கும் என்று தோன்றியது.

சாயங்காலம் பரிமளாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு எடம் பத்தாதுங்க, தரையில படுக்கறாங்க. நமக்கு என்னங்க கேடு?"

மனசுக்கு அமைதி, இயற்கையோடு இருக்கிற உணர்வு என்று வீடியோவில் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். "அமைதி வேணும்னா அந்த டிவிய அமத்துங்க" என்றாள்.

அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே வீக்கம் வற்றிவிட்டது. நிறம்தான் இன்னும் கத்தரிக்காய்த் தோல் போல இருக்கிறது. சனிக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொன்னாள். பெங்களூரில் இருக்கும் மகள் மிருதுளாவிடமும் போனில் அப்படித்தான் சொன்னாள். நானும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றும் ஹாலில் சோபாவில்தான் படுத்தேன். ஹாலில் காற்று நன்றாக வருகிறது.

ஜூன் 14, சனி

டவுன்ஹால் பக்கம் போய்க் கோரைப்பாய் வாங்கினோம். இலவம்பஞ்சு மெத்தைக்குச் சொல்லியாயிற்று. மெத்தைக் கடைக்காரர், "கட்டில் அளவு சொல்லுங்க" என்றார். கட்டில் இல்லை, தரைக்கு என்றேன். என்னையும் பரிமளாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அளவு எழுதிக்கொண்டார்.

பிறகு வீட்டு அலங்காரக் கடை. அங்கே இருந்த பெண்ணுக்கு ஜப்பான் என்று சொன்னதும் உற்சாகம் வந்துவிட்டது. பீங்கான் தொட்டியில் குட்டி மரம் காட்டினாள். வேண்டாம் என்றேன். கல் விளக்கு. வேண்டாம். கண்ணாடிக் குடுவையில் மூங்கில். அதுவும் வேண்டாம். கடைசியாக ஒரு மரத்தட்டு நிறையக் கூழாங்கற்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது கூட இல்லைன்னா ஜப்பான் லுக்கே வராதுங் சார். கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சீங்கன்னா அவ்வளோ நல்லாருக்கும்."

"படுக்கிற எடத்துல கல்லு வேண்டாம்மா."

"வாஸ்து பாக்கறீங்களாங் சார்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பரிமளா முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடி ஓரடி பின்னால் நின்றிருந்தாள். ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். நான் அதை வாங்கித் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

கடைசியில் மூங்கில் திரையும், கூடையில் வைத்த ஒரு பிளாஸ்டிக் செடியும் வாங்கி வந்தோம். இயற்கையைத் தேடிப் போய் பிளாஸ்டிக் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

சுவர்க் கடிகாரத்தையும் கல்யாணப் படத்தையும் கழற்றினேன். படம் பெரியது, கண்ணாடி போட்டது. தலைமாட்டுக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைக்கும்போது பரிமளா வந்துவிட்டாள்.

"அது என்னங்க பண்ணுச்சு உங்கள?"

"ஜப்பான்ல சுவத்துல ஒண்ணும் மாட்ட மாட்டாங்க."

"அவங்களுக்கெல்லாம் கல்யாணமே ஆகாதுங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்தன்று எடுத்த படங்களில் அது ஒன்றில்தான் இரண்டு பேரும் கண்ணைத் திறந்துகொண்டிருப்போம். கை பட்டு உடைந்தால் என்று எழுத வந்தேன். எதற்கு அதெல்லாம்.

ஜூன் 20, வெள்ளி

இந்த மாதத் தொடக்கத்தில் கனவில் வந்த அதே செவலை நாய், ராத்திரி மறுபடியும் வந்தது. கம்பெனி கேட்டில் வழிமறித்தது. காலையில் பார்த்தால் ஹாலில் டீப்பாயின் கால் உடைந்து கிடக்கிறது. என் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருக்கிறது. டீப்பாய் பழசாகிவிட்டது, ஹாலுக்கு அது தேவையே இல்லை என்று பரிமளாவிடம் சொன்னேன்.

"ஹாலையும் ஜப்பான் ஆக்கியாச்சுங்களா" என்று கேட்டுவிட்டு மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து காலில் போட்டாள். நாயைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மெத்தை வந்துவிட்டது. விரிக்க இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கட்டில்தான் தடை.

கட்டில் மாமனார் கொடுத்த சீர். தன் தோட்டத்துத் தேக்கை அறுத்துச் செய்யச் சொன்னது. தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில்கள், நான்கு மூலையிலும் குமிழ். அந்தக் குமிழில் யார் தலை மோதினாலும் தையல் போட வேண்டும். கல்யாணத்தன்று அதைச் சுமந்து வந்தவர்கள் சோர்ந்துபோய் மோர் மோராகக் குடித்தார்கள். மாமனார் இப்போது இல்லை. பரிமளா தினமும் துணி போட்டு மயில்களைத் துடைக்கிறாள்.

ஜூலை 5, சனி

கம்பெனியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூளை நரம்பு டாக்டர். என் மகள் வயசுதான் இருக்கும். வீட்டில் சொல்லவில்லை.

கனவு, நாய், டீப்பாய் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தூங்கறப்போ மூளை நம்ம உடம்பப் பூட்டி வெச்சிரும் சார். உங்களுக்கு அந்தப் பூட்டு சரியா விழறதில்ல. கனவுல செய்யறத கையும் காலும் நிஜமாவே செஞ்சிருது. பக்கத்துல யாரு படுக்கறாங்க?"

"யாருமில்லைங்க. நான் ஹால்ல."

"அதுக்கு முன்னாடி?"

"வீட்டுக்காரம்மா."

"அவங்களுக்கு அடி பட்டுச்சா?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்றேன். டாக்டர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். "கன்னத்துலங்க" என்று நானாகவே சொன்னேன். என்னை அடித்திருந்தால்கூட அந்த நாற்காலியில் அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் அடங்கும், முழுக்க நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாதாம். படுக்கை தாழ்வாக இருக்க வேண்டும், கூர்மையான பொருள், கண்ணாடி, கனமான சாமான் ஒன்றும் பக்கத்தில் கூடாதாம். "நான் ஏற்கெனவே ஜப்பான் முறைக்கு மாத்திக்கிட்டிருக்கேங்க" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, சில பேருக்குப் பல வருஷம் கழித்து நடுக்கவாதம் வரலாம், வராமலும் போகலாம், அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார். அடுத்த முறை மனைவியைக் கூட்டி வரச் சொன்னார். ராத்திரியில் நடப்பதைப் பார்க்கிற ஆள் அவள்தானாம்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர் சீட்டில் கையை வைத்து, புறங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன். விழவில்லை. ஆனால் விளிம்பில் நிறுத்தவில்லை, படுக்கத்தான் வைத்தேன். அந்தச் சோதனை செல்லாது.

பரிமளாவிடம் சொல்ல மாட்டேன். சொன்னால், "இதுக்குப் போயா" என்று தலையணையைத் தட்டிப் போட்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். அவளை எனக்குத் தெரியும்.

ஜூலை 12, சனி

இன்றைக்கு அவளாகவே கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ரூமு ரெடியாயிருச்சுன்னா நீங்க உள்ள வந்து படுப்பீங்களா?"

"பாக்கலாம்" என்றேன்.

மடித்த வேட்டியை உதறி மறுபடியும் மடித்தாள். அவளோடு அந்த அறையில் பழையபடி படுக்க வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்கிறேன். மாத்திரை கேட்கிறதா என்று தெரியாமல் எப்படி வாக்குக் கொடுப்பது. ஆனாலும் பாக்கலாம் என்று சொல்லியிருக்கக் கூடாது. அதை உணர்ந்தபோது அவள் அடுப்படிக்குப் போயிருந்தாள்.

ஜூலை 18, வெள்ளி

மிருதுளாவுக்குக் காய்ச்சல். பரிமளா காலை ரயிலில் பெங்களூர் போனாள். ஞாயிறு வந்துவிடுவாள். வாசலில் நின்று, "மாவு பிரிட்ஜ்ல இருக்குதுங்க" என்றாள். வேறு என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார்.

ஜூலை 19, சனி

அவள் வருவதற்குள் அறையை முடித்துவிடலாம் என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். மரவேலைக்காரர் பிரான்சிஸ் வந்து கட்டிலைப் பிரித்தார். விற்க மனம் வருமா. பிளாட்டின் கீழ்த்தளத்தில் வைத்தால் மழைத் தண்ணீர் ஏறும். பரிமளாவின் அண்ணன் சென்னியப்பனுக்கு அவிநாசிக்கு அந்தப் பக்கம் பெரிய தோட்டத்து வீடு, ஒரு அறை சும்மாவே கிடக்கிறது. பத்திரமாக இருக்கும் என்று டெம்போ பிடித்து ஏற்றிவிட்டேன். மச்சான் போனை எடுக்கவில்லை, தோட்டத்தில் இருந்திருப்பார். "நாச்சிமுத்து வீட்டில் இருந்து கட்டிலைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் போதும்" என்று டிரைவரிடம் என் பெயரைச் சொல்லி அனுப்பினேன்.

பாய் விரித்து, மெத்தை போட்டு, மூங்கில் திரையைப் பாதி இறக்கினேன். அந்த வெளிச்சத்தில் அறை வீடியோவில் பார்த்தது போலவே இருந்தது. மனசு லேசானது. சுவரில் கட்டில் உரசிய தடம் மட்டும் தெரிகிறது.

டெம்போ போய்ச் சேர்ந்திருக்கும். மச்சானிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

நான் ஒரு முட்டாள். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

மதியம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மச்சான், அவர் மனைவி, நடுவில் பையோடு பரிமளா. ரயில் நிலையத்துக்கே போய் அவளை அழைத்து வந்திருக்கிறார்கள். வாங்க என்றேன். மச்சான் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"எங்கப்பன் குடுத்த சீர எதுக்குங் மாப்ள திருப்பி அனுப்புனீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் சீர்ச் சாமான் எப்போது பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும்? வாழ்க்கை முடிந்துபோனால்தான். பின்னாலேயே பெண்ணும் வருவாள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? என் தூரத்துச் சொந்தத்திலேயே ஒரு பெண்ணின் பீரோ அப்படிப் போனதை நேரில் பார்த்தவன் நான். கட்டிலுக்கு இடம் தேடிய அவசரத்தில் புத்தி மேயப் போய்விட்டது.

"பட்டப் பகல்ல டெம்போ வருது, ஊரே நின்னு பாக்குது. மயில் பலகைய எறக்கறப்ப எங்கம்மா அழுதுக்கிட்டே உள்ள போயிருச்சுங்."

மச்சான் மனைவி, "ஆடியில புதுப் பொண்ணத்தான் பொறந்த ஊட்டுக்கு அழைப்பாங்க. இந்த வயசுல கட்டிலு வந்து நிக்குது" என்றார். கேலிதான், ஆனால் சொல்லிவிட்டுப் பரிமளாவின் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

இடமில்லை என்றேன். ஜப்பான் என்றேன். மச்சான் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். தரையில் மெத்தை, மொட்டைச் சுவர், கூடையில் பிளாஸ்டிக் செடி. எழவு வீடு மாதிரி இருக்கிறதே என்று அவர் முகமே சொன்னது. கல்யாணப் படம் எங்கே என்று கேட்டார். நான் பீரோவைக் காட்டினேன். பிறகு ஹால் சோபாவில் மடித்து வைத்திருந்த என் போர்வையையும் தலையணையையும் பார்த்தார்.

"மிருதுளா எல்லாஞ் சொல்லிருச்சுங்க. கன்னத்துல அடின்னு. அம்மிணி பாத்ரூம்ல விழுந்தேன்னே சொல்லுது. நானு உங்களத்தான் கேக்கறேன். கை நீட்டுனீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"தூக்கத்துலங்க" என்று அடுத்த வார்த்தையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பொய் போல ஒலிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. டாக்டர் சீட்டை எடுத்து வந்தேன். அவர் சொன்ன பூட்டு, நாய், மாத்திரை, நடுக்கவாதம் எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினேன். பரிமளாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்தே நேராகப் பார்க்கவில்லை.

"தூக்கத்துல ஒரு ஆளு பொண்டாட்டிய அடிப்பாங்களா" என்று மச்சான் ஆரம்பித்தார்.

"அண்ணா, நீங்க சித்த சும்மா இருங்க" என்றாள் பரிமளா. "கண்ண மூடிக்கிட்டு, சூ போ, சூ போன்னுக்கிட்டே அடிச்சாரு. நாயத் தொரத்தறாருன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அடி பட்டது வலிச்சுதுங்க, போச்சாது, அது போகட்டும். அடுத்த நாள்ல இருந்து எம்மூஞ்சியப் பாக்கலீங்களே நீங்க. படத்தக் கழட்டுனீங்க, ஹாலுக்குப் போயிட்டீங்க. வருவீங்களான்னு கேட்டா பாக்கலாம்ங்கறீங்க. நானு என்னன்னு நெனைக்கறது? ரயில்ல அண்ணன் போன் பண்ணி, கட்டிலு வந்திருச்சு அம்மிணின்னு சொல்றாரு. சேலத்துல இருந்து இங்க வர வரைக்கும் நானு என்ன பாடு பட்டிருப்பேன்?"

அழுதாள். அவள் அண்ணன் முன்னால் நான் அவள் தோளைத் தொடலாமா என்றுகூடத் தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மச்சான்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "காப்பி போடு அம்மிணி" என்றார்.

காப்பி குடித்து முடிந்ததும் பரிமளா உத்தரவு போட்டாள். கட்டில் போன வழியிலேயே திரும்பி வரோணும், பகலில் வரோணும், போனதைப் பார்த்த ஊர் வருவதையும் பார்க்கோணும்.

ஜூலை 23, புதன்

லீவு போட்டு நானே டெம்போவில் போனேன். மாமியார் மயில்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பினார். ஊர் நின்று பார்த்தது. டீக்கடையில் ஒருவர், "கட்டில ஊர்கோலம் கூட்டிட்டுப் போறீங்களாக்கு" என்றார். ஆமாங்க என்றேன். திட்டு வாங்க வேண்டிய இடத்தில் கேலியோடு முடிந்ததே பெரிய காரியம்.

படுக்கையறையில் ஜப்பான் அப்படியே இருக்கட்டும் என்று பரிமளா சொல்லிவிட்டாள். அதனால் கட்டில் ஹாலுக்கு வந்தது. கட்டில் வந்ததும் சோபாவுக்கு இடமில்லை. அதே டெம்போவில் சோபாவை அவள் அண்ணன் வீட்டுக்கு ஏற்றிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆபீசிலிருந்து வந்தால் படுக்கையறைச் சுவரில் கல்யாணப் படம். கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டு வெறும் படத்தை ஒட்டியிருக்கிறாள், மெத்தையில் படுத்தால் கண்ணில் படுகிற உயரத்தில். "ஜப்பான்ல சட்டம் போட மாட்டாங்களாமா" என்றாள். மெத்தை நடுவில் நீளமாக ஒரு தலையணை. அவளே பஞ்சு அடைத்துத் தைத்திருக்கிறாள்.

சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, நான் வழக்கம்போல ஹாலில் கட்டில் மேல் போர்வையை விரித்து உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், மாத்திரை பிடிபடட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். சொல்லிவிட்டது ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது.

அவள் வந்து போர்வையை உருவி மடித்தாள்.

"இது எங்கப்பா ரெண்டு பேரு படுக்கறதுக்குக் குடுத்த கட்டிலுங்க. இதுல ஒருத்தரு தனியாப் படுக்கறதுக்கு நானு விட மாட்டேன். எந்திரிங்க."

எழுந்து உள்ளே போனேன்.

ஜூலை 25, வெள்ளி

விழித்தபோது மூங்கில் திரை வழியாக வெயில் வந்திருந்தது. நீளத் தலையணை அறையின் மறுகோடியில் தையல் பிரிந்து கிடந்தது. நான்தான் வீசியிருக்க வேண்டும். நாய் வந்ததா என்று நினைவில்லை. செடிக் கூடை கவிழ்ந்திருந்தது, வேறு ஒன்றும் உடையவில்லை. உடைய அந்த அறையில் ஒன்றும் இல்லை.

பரிமளா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே பழைய கறுப்பு எப்போதோ போயிருக்கிறது, புதிதாகவும் ஒன்றும் இல்லை. தலைமுடியிலும் புருவத்திலும் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையை நீட்டி, புருவத்தில் இருந்ததை எடுத்தேன். கை நடுங்கத்தான் செய்தது. அது எந்த நடுக்கம் என்று எனக்குத் தெரியும்.

"தலைமுடியிலயும் இருக்குதுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அதையும் எடுத்தேன். பிறகு பால் வாங்கப் போனேன்.